கண்டிப்பான தளத்துக்கு முதலில் எழுதுங்கள்: ஷேர்டு லைப்ரரியைப் பல இயங்குதளங்களில் கட்டுவது

லினக்ஸில் ஒழுங்காக ஓடும் ஒரு ஷேர்டு லைப்ரரியை விண்டோஸுக்கும் மேக்ஓஎஸ்ஸுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றால், பலரும் முதலில் திறப்பது பில்டு ஸ்கிரிப்டைத்தான். கோப்பின் பின்னொட்டு இங்கே எஸ்ஓ, அங்கே டிஎல்எல், இன்னோரிடத்தில் டிலிப். கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வுகள் வேறு, லிங்கருக்குக் கொடுப்பவை வேறு. இவற்றைச் சரியாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த வேறுபாடுகள் உண்மையானவைதான். ஆனால் அவற்றைச் சமாளிக்கக் கருவிகள் 1990களின் நடுவிலிருந்தே இருக்கின்றன. கருவிகளின் கைக்கு எட்டாத வேறுபாடு ஒன்று உண்டு. லைப்ரரிக்கும் அதைப் பயன்படுத்தும் நிரலுக்கும் நடுவே உள்ள எல்லையில் எது செல்லும், எது செல்லாது என்பதில் இந்த மூன்று இயங்குதளங்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. லினக்ஸ் ஏறக்குறைய எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது. விண்டோஸ் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் விடுகிறது. மேக்ஓஎஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: எந்தத் தளம் மிகக் கண்டிப்பானதோ அதன் விதிகளையே எல்லாத் தளங்களுக்கும் விதியாக்கிக்கொண்டு, லைப்ரரியின் எல்லையை முதல் நாளிலேயே வரைந்துவிடுங்கள். அப்படி வரைந்த லைப்ரரிக்கு பில்டு ஸ்கிரிப்ட் சில வரிகளில் முடிந்துவிடும்.

லினக்ஸ் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. யூனிக்ஸ் உலகில் இன்று வழங்கும் ஷேர்டு லைப்ரரி முறை 1988-இல் வந்த சன்ஓஎஸ் 4.0-இலும், அதையடுத்து சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4 கொண்டுவந்த இஎல்எஃப் கோப்பு வடிவத்திலும் உருப்பெற்றது. அதுவரை பெரும்பாலான நிரல்கள் ஸ்டாட்டிக் லைப்ரரியோடு இணைக்கப்பட்டவை. மூலநிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் அவற்றை ஷேர்டு லைப்ரரிக்கு மாற்ற வேண்டும் என்பது அன்றைய தேவை. அதனால் ஷேர்டு லைப்ரரி, முடிந்தவரை ஸ்டாட்டிக் லைப்ரரிபோலவே நடந்துகொள்ளும்படி வடிவமைத்தார்கள். ஒரு செயல்முறைக்குள் ஏற்றப்படும் எல்லா லைப்ரரிகளின் சிம்பல்களும் ஒரே பெயர்வெளியில் கிடக்கும். ஒரு பெயரைத் தேடும்போது முதலில் அகப்படுவதே செல்லும். விண்டோஸின் டிஎல்எல் வேறு வழியில் வந்தது. அங்கே ஒவ்வொரு டிஎல்எல்லும் தனி மாட்யூல். இந்த ஃபங்ஷன் இந்த டிஎல்எல்லிலிருந்து வர வேண்டும் என்று இம்போர்ட் அட்டவணையில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். மேக்ஓஎஸ் 2001-இல் வந்த 10.1 பதிப்பிலிருந்து இதே இரண்டடுக்கு முறைக்கு மாறிவிட்டது. தனித்து நிற்பது லினக்ஸும் அதன் யூனிக்ஸ் உறவினர்களும்தான். மிகப் பலர் லைப்ரரி எழுதத் தொடங்குவது லினக்ஸில் என்பதால் அந்தத் தாராளமே இயல்பு என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

முதல் சிக்கல் இதிலிருந்தே பிறக்கிறது. உங்கள் லைப்ரரி கணித லைப்ரரியின் ஒரு ஃபங்ஷனை அழைக்கிறது, ஆனால் லிங்க் செய்யும்போது அந்தக் கணித லைப்ரரியைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் லிங்கர் வாய் திறக்காது. தீர்க்கப்படாத சிம்பலை அப்படியே எஸ்ஓ கோப்பில் எழுதிவைக்கும். பிரதான நிரல் தற்செயலாகக் கணித லைப்ரரியோடு இணைக்கப்பட்டிருந்தால் எல்லாம் ஓடும். இல்லையென்றால், சிம்பல்களைத் தேவைப்படும்போது மட்டும் தேடும் முறையால், அந்த ஃபங்ஷனை முதன்முதலாக அழைக்கும் நொடியில்தான் நிரல் சாகும். அது சோதனையில் வராமல் வாடிக்கையாளரிடம் வரலாம். விண்டோஸ் லிங்கர் இதைக் கட்டும்போதே மறுத்துவிடும். மேக்ஓஎஸ் லிங்கரும் இயல்பாக மறுக்கும். பில்டு கருவியான லிப்டூல் இந்த வேறுபாட்டைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. நோ-அன்டிஃபைன்டு என்ற தேர்வை நீங்கள் தெளிவாகக் கொடுக்காவிட்டால், விண்டோஸில் அது டிஎல்எல் கட்டவே முயலாது. ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு ஸ்டாட்டிக் லைப்ரரியை மட்டும் கொடுத்துவிடும். அந்த ஒரு வரி எச்சரிக்கை நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் ஓடி மறைந்துபோக, டிஎல்எல் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தீர்வு எளிது: லினக்ஸ் லிங்கருக்கும் தீர்க்கப்படாத சிம்பலைப் பிழையாகக் கருதும் தேர்வை எப்போதும் கொடுங்கள். மீசான் பில்டு கருவி இதை இயல்பிலேயே செய்கிறது. சிமேக் என்ற பில்டு கருவியில் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் விண்டோஸில் ஒருநாள் வரவிருந்த பிழை இன்றே உங்கள் லினக்ஸ் மேசையில் வந்து நிற்கும்.

அடுத்தது, எந்தெந்தப் பெயர்கள் வெளியே தெரிய வேண்டும் என்பது. ஸ்டாட்டிக் என்று குறிக்கப்படாத ஒவ்வொரு ஃபங்ஷனும் இஎல்எஃப் லைப்ரரியில் வெளியே தெரியும். விஷுவல் சி கம்பைலரில் நேர்மாறு: டிஎல்எல்எக்ஸ்போர்ட் என்று குறித்தாலோ டெஃப் கோப்பில் பெயர் எழுதினாலோ ஒழிய எதுவும் தெரியாது. லினக்ஸின் இயல்பு வசதிபோலத் தெரியும், ஆனால் அதன் விலை பெரிது. உங்கள் லைப்ரரிக்குள் உட்பயனுக்காக எழுதிய ஃபங்ஷனுக்கு இனிட் என்றோ லாக் மெசேஜ் என்றோ பெயர் வைத்திருப்பீர்கள். அதே பெயரில் பிரதான நிரலிலும் ஒன்று இருந்தால், உங்கள் லைப்ரரி தன் ஃபங்ஷனை அழைப்பதாக நினைத்து அந்த அந்நிய ஃபங்ஷனை அழைக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. வெளியே தெரியும் பெயர்களை யாராவது பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், பிறகு அவற்றை நீக்கவும் முடியாது. ஜிசிசி 4.0 பதிப்பு 2005-இல் வந்ததிலிருந்து எல்லாச் சிம்பல்களையும் இயல்பாக மறைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் வெளியே காட்டும் தேர்வு இருக்கிறது. க்ளாங்கிலும் அதே தேர்வு உண்டு. ஆகவே அந்தத் தேர்வை இயக்கிவிட்டு, ஹெடர் கோப்பில் ஒரு மேக்ரோவை வரையறுங்கள். விண்டோஸில் லைப்ரரியைக் கட்டும்போது அது டிஎல்எல்எக்ஸ்போர்ட் ஆகட்டும், பயனர் கட்டும்போது டிஎல்எல்இம்போர்ட் ஆகட்டும், மற்றத் தளங்களில் விசிபிலிட்டி டிஃபால்ட் ஆகட்டும், ஸ்டாட்டிக்காகக் கட்டும்போது வெறுமையாகட்டும். பொது ஃபங்ஷன் ஒவ்வொன்றின் முன்னாலும் அதை எழுதிவிட்டால், மூன்று தளங்களிலும் ஒரே பெயர்ப் பட்டியல் வெளியே தெரியும். இந்த மேக்ரோவைக் கையால் எழுதச் சலிப்பாக இருந்தால் சிமேக்கே உருவாக்கிக் கொடுக்கும்.

ஃபங்ஷன்களை வெளியே காட்டுங்கள், மாறிகளைக் காட்டாதீர்கள். டிஎல்எல்லிலிருந்து ஒரு குளோபல் மாறியைப் படிக்க, பயனரின் கம்பைலருக்கு டிஎல்எல்இம்போர்ட் குறிப்பு கட்டாயம் வேண்டும். ஃபங்ஷனுக்கு அது இல்லாமலும் ஓடும். லினக்ஸில் இந்தக் கட்டாயம் இல்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அங்கே பல நேரங்களில் லிங்கர் அந்த மாறிக்கான இடத்தைப் பிரதான நிரலுக்குள்ளேயே ஒதுக்கி, தொடக்கத்தில் மதிப்பை நகலெடுத்துக்கொள்கிறது. ஒதுக்கிய இடத்தின் அளவு நிரலைக் கட்டிய அன்றைய அளவு. பிழைச்செய்திகளின் அட்டவணை ஒன்றை இப்படி வெளியே காட்டியிருந்து, புதிய பதிப்பில் அதில் மூன்று செய்திகளைக் கூட்டினீர்கள் என்றால், பழைய நிரலில் அந்த மூன்றுக்கும் இடம் இருக்காது. அட்டவணைக்குப் பதிலாக, எண்ணைக் கொடுத்தால் செய்தியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்று போதும்.

இனி வருவதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்: எல்லையைக் கடந்து போகும் தரவின் வடிவம். இதற்கு இசட்லிப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஷான்-லூப் கையியும் மார்க் ஆட்லரும் எழுதி 1995-இல் முதலில் வெளியிட்ட இந்தச் சுருக்க லைப்ரரி, இன்று ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களிலும் இருக்கிறது. லினக்ஸில் அதன் பெயரில் உள்ள எண் 25 ஆண்டுகளுக்கு மேலாக 1 என்றே நிற்கிறது. அதன் மைய ஸ்ட்ரக்டான இசட்-ஸ்ட்ரீமை எடுத்துப் பாருங்கள். அதில் 14 உறுப்புகள். சில பாயின்டர்கள், சில இன்ட், சில அன்சைன்டு லாங். 64-பிட் லினக்ஸில் லாங் 8 பைட். இடைவெளிகளையும் சேர்த்தால் ஸ்ட்ரக்ட் மொத்தம் 112 பைட். 64-பிட் விண்டோஸில் பாயின்டர் 8 பைட்டாக இருந்தாலும் லாங் 4 பைட்தான். அதே ஹெடர், அதே 14 உறுப்புகள், ஆனால் மொத்தம் 88 பைட். 32-பிட் தளங்களில் 56. இதுவரை எத்தனை பைட் படித்தோம் என்று எண்ணும் உறுப்பு விண்டோஸில் 4 ஜிபியைத் தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். வெறும் லாங் என்ற வகையை எல்லையில் வைத்ததால் வந்த வினை இது. சி99 தரம் கொடுத்த, அளவு பெயரிலேயே இருக்கும் 32-பிட், 64-பிட் எண் வகைகள் அன்று இல்லை. இன்று இருக்கின்றன. புதிதாக எழுதுபவருக்குச் சாக்கு இல்லை.

ஆனால் இசட்லிப்பின் ஆசிரியர்கள் இன்னொரு விஷயத்தில் மிக முன்யோசனையோடு இருந்தார்கள். இன்ஃப்ளேட்-இனிட் என்று நீங்கள் எழுதுவது உண்மையில் ஃபங்ஷன் அல்ல, மேக்ரோ. அது உங்கள் நிரலைக் கட்டும்போது ஹெடரில் இருந்த பதிப்பு எண்ணையும், உங்கள் கம்பைலர் கணக்கிட்ட ஸ்ட்ரக்ட் அளவையும் சேர்த்து, அடிக்கோட்டில் முடியும் பெயருள்ள உண்மையான ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. லைப்ரரி அதைத் தன்னிடமுள்ள பதிப்பின் முதல் எழுத்தோடும் தன் ஸ்ட்ரக்ட் அளவோடும் ஒப்பிடும். ஒன்று மாறியிருந்தாலும் பதிப்புப் பிழை என்று -6 திருப்பிவிட்டு வேலையைத் தொடங்காது. 88 பைட் என்று நினைக்கும் நிரலும் 112 பைட் என்று நினைக்கும் லைப்ரரியும் சந்தித்தால், நினைவகத்தைக் கெடுத்து எங்கோ விழுவதற்குப் பதிலாக முதல் அழைப்பிலேயே தெளிவான பிழை வருகிறது. விண்டோஸ் ஏபிஐயில் பல ஸ்ட்ரக்டுகளின் முதல் உறுப்பாக அவற்றின் அளவே இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இதைவிடவும் நல்ல வழி, ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பை ஹெடரில் காட்டாமலே வைத்து, பாயின்டரை மட்டும் கொடுப்பது. ஓப்பன்எஸ்எஸ்எல் 2016-இல் 1.1.0 பதிப்பில் தன் ஸ்ட்ரக்டுகளை இப்படி மூடியது. அதுவரை அவற்றின் உறுப்புகளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்த எண்ணற்ற நிரல்கள் மாற்றி எழுதப்பட வேண்டியிருந்தது. முதலிலேயே மூடியிருந்தால் அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்காது.

நினைவகத்தின் உரிமை யாருக்கு என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. லினக்ஸில் ஒரு செயல்முறைக்குப் பெரும்பாலும் ஒரே சி லைப்ரரி. லைப்ரரிக்குள் மேலாக் செய்ததை நிரலில் ஃப்ரீ செய்தால் நடக்கும். விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் தனக்கென ஒரு சி ரன்டைமோடு வரலாம். ஒன்றில் ஒதுக்கியதை மற்றொன்றில் விடுவித்தால் ஹீப் கெடும். விஷுவல் ஸ்டூடியோ 2015-இலிருந்து யூசிஆர்டி என்ற பொதுவான சி ரன்டைம் வந்துவிட்டதே என்பார்கள். டீபக் பில்டுக்கு வேறு ரன்டைம், ரன்டைமை ஸ்டாட்டிக்காக இணைத்த டிஎல்எல்லுக்கு வேறு ஹீப் என்பது இன்றும் மாறவில்லை. இசட்லிப் இதையும் அழகாகக் கையாள்கிறது. வெளியீட்டுக்கான இடத்தை நிரலே கொடுக்கிறது. உள்வேலைக்கான நினைவகத்தை ஒதுக்கும், விடுவிக்கும் ஃபங்ஷன்களையும் நிரலே கொடுக்கலாம். இனிட் ஒன்றுக்கு எண்ட் ஒன்று உண்டு. லைப்ரரி உருவாக்கியதை லைப்ரரியே அழிக்கிறது. கோப்புகளுக்கும் இது பொருந்தும். சி மொழியின் ஃபைல் பாயின்டரையும், திறந்த கோப்புக்கான முழு எண்ணையும் எல்லைக்கு அப்பால் அனுப்பாதீர்கள். விண்டோஸில் அந்த எண் சி ரன்டைமின் அட்டவணையில் ஒரு வரிசை எண், அவ்வளவுதான். இசட்லிப்பின் ஜிஇசட்-டிஓப்பன் இந்த எண்ணை ஏற்கிறது. அதனால்தான் விண்டோஸில் அதைப் பயன்படுத்துபவர் நிரலும் டிஎல்எல்லும் ஒரே ரன்டைமில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சி++ எழுதுபவர்களுக்கு இந்த எல்லை இன்னும் குறுகியது. விஷுவல் சி++ பெயர்களை உருமாற்றும் விதம் வேறு, ஜிசிசியும் க்ளாங்கும் லினக்ஸில் செய்யும் விதம் வேறு. ஒரே கம்பைலருக்குள்ளும் நிலை மாறும்: 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பே மாறியது. பழைய, புதிய வடிவங்களை இருதரப்பிலும் வைத்துக்கொண்டு லினக்ஸ் வெளியீடுகள் பட்ட பாடு சிறிதல்ல. உள்ளே சி++ எழுதுங்கள், வெளியே சி ஃபங்ஷன்களை வையுங்கள், எக்ஸெப்ஷன் எதுவும் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே பிடித்துப் பிழை எண்ணாக மாற்றுங்கள். பைத்தான், ஜாவா, ரஸ்ட் ஆகியவற்றிலிருந்து உங்கள் லைப்ரரியை அழைக்க நினைப்பவர்களுக்கும் இந்த சி முகப்புதான் வேண்டும்.

எல்லை இப்படித் தெளிவாகிவிட்டால், பதிப்பு எண்ணும் தேடும் பாதையும் இயந்திர வேலைகளாகச் சுருங்கிவிடும். லினக்ஸில் எஸ்ஓ-பெயருக்குள் ஓர் எண் இருக்கிறது. பழைய நிரல்கள் ஓடாதபடி எதையாவது மாற்றினால் மட்டும் அதைக் கூட்டுங்கள். மேக்ஓஎஸ்ஸில் அதே எண் டிலிப் கோப்பின் பெயருக்குள்ளும், விண்டோஸில் டிஎல்எல்லின் பெயருக்குள்ளும் இருக்கட்டும். இசட்லிப் டிஎல்எல்லின் பெயரில் 1 இருப்பது இதனால்தான். லிப்டூல் கேட்கும் மூன்று எண்களைப் பலரும் மென்பொருளின் வெளியீட்டு எண் என்று நினைத்து அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். அவை இடைமுகத்தின் தற்போதைய எண், திருத்த எண், எத்தனை பழைய இடைமுகங்களுக்கு இன்னும் ஆதரவு உண்டு என்ற எண். மென்பொருள் 4.2.1 ஆனாலும் இடைமுகம் மாறாவிட்டால் எஸ்ஓ-பெயரில் உள்ள எண் நகராது, நகரக் கூடாது.

ஓடும்போது லைப்ரரியைக் கண்டுபிடிப்பதில் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. விண்டோஸில் நிரல் இருக்கும் அடைவே முதலில் தேடப்படும் இடங்களில் ஒன்று. நிரலுக்குள் பாதை எழுதிவைக்கும் வசதி இல்லை. டிஎல்எல்லை நிரலுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழி. பாத் மாறியை நம்பாதீர்கள். பைத்தான்கூட 2019-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து, விண்டோஸில் தன் நீட்சிகளுக்கான டிஎல்எல்களை பாத்தில் தேடுவதை நிறுத்திவிட்டது. மேக்ஓஎஸ்ஸில் லைப்ரரி தன் முகவரியைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறது. கட்டிய அடைவின் முழுப் பாதை அதில் போய் உட்கார்ந்துவிட்டால் வேறு கணினியில் ஓடாது. அதனால் ஆர்பாத் என்று தொடங்கும் பெயரை அங்கே எழுதுங்கள், நிரல் தன் தேடும் பாதையான ஆர்பாத்தைத் தன் இருப்பிடத்திலிருந்து கணக்கிட்டுக்கொள்ளட்டும். இந்தப் பெயரைக் கட்டிய பிறகு கருவியால் மாற்றினால், ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் கோடு கையொப்பம் செல்லாமல் போகலாம். மீண்டும் கையொப்பமிட வேண்டும். லினக்ஸில் ஆரிஜின் என்ற குறி இதே வேலையைச் செய்கிறது. லைப்ரரியின் பாதையைச் சூழல் மாறிகளில் வைத்து ஓட்டுவது சோதனைக்கு மட்டும். 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு முதல், பாதுகாக்கப்பட்ட நிரல்களைத் தொடங்கும்போது மேக்ஓஎஸ் அந்த மாறிகளை நீக்கிவிடுகிறது.

கட்டும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய லினக்ஸில் கட்டிய லைப்ரரி பழைய லினக்ஸில் ஓடாமல் போகலாம், ஏனெனில் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி தன் சிம்பல்களுக்குப் பதிப்புக் குறி இடுகிறது. 2021-இல் வந்த 2.34-இன் குறியைக் கேட்கும் கோப்பை அதற்கு முந்தைய கணினி ஏற்காது. எதிர்த்திசையில் சிக்கல் இல்லை. ஆகவே நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய தளத்தில் கட்டுங்கள். பைத்தான் சமூகம் இதைத்தான் மெனிலினக்ஸ் என்று முறைப்படுத்தியது: முதல் வடிவம் சென்ட்ஓஎஸ் 5-இன் ஜிலிப்சி 2.5-ஐயும், 2014 என்று பெயரிட்ட வடிவம் சென்ட்ஓஎஸ் 7-இன் 2.17-ஐயும் தரைமட்டமாக வைத்தன. மஸ்ல் என்ற வேறொரு சி லைப்ரரியைப் பயன்படுத்தும் ஆல்பைன் போன்ற லினக்ஸ்களுக்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, இவ்வளவு கவலை எதற்கு, சிமேக் பார்த்துக்கொள்ளாதா என்பது. பாதி உண்மை. பொசிஷன் இன்டிபென்டன்ட் கோடாகக் கட்ட வேண்டுமா, எந்தப் பின்னொட்டு, எங்கே இன்ஸ்டால் செய்வது என்பவற்றைச் சிமேக்கிடம் விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும். அதோடு 2015-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து, விண்டோஸில் எல்லாச் சிம்பல்களையும் தானாக வெளியே காட்டும் வசதியும் அதில் உண்டு. லினக்ஸின் தாராளத்தை விண்டோஸுக்குக் கொண்டுபோகும் முயற்சி அது. ஆனால் மாறிகளுக்கு அது போதாது. பயனர் பக்கத்தில் டிஎல்எல்இம்போர்ட் இன்னும் வேண்டும். பெரிய சி++ லைப்ரரியில் ஒரு டிஎல்எல்லுக்கு 65,535 சிம்பல்கள் என்ற உச்சவரம்பில் போய் முட்டும். லாங்கின் அளவையோ, யார் ஃப்ரீ செய்வது என்பதையோ எந்தக் கருவியும் உங்களுக்காகத் தீர்மானிக்காது.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: ஷேர்டு லைப்ரரியே எதற்கு, எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக இணைத்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாமே. கோ மொழி அப்படித்தான் செய்கிறது, கன்டெய்னர்களும் ஏறக்குறைய அதையே செய்கின்றன. நீங்கள் ஒரே ஒரு நிரலை வெளியிடுபவர் என்றால் நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பிறர் பயன்படுத்தும் லைப்ரரியை எழுதுபவர் இந்த முடிவைத் தன் பயனர்களுக்காக எடுக்க முடியாது. 2002 மார்ச்சில் இசட்லிப்பில், ஒரே நினைவகத்தை இருமுறை விடுவிக்கும் பிழை வெளியாகி, அதைத் திருத்திய 1.1.4 வந்தது. ஷேர்டு லைப்ரரியாகப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரு கோப்பை மாற்றியதோடு முடிந்தது. மூலநிரலை உள்ளே நகலெடுத்து வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 2022-இல் 1.2.12, 1.2.13 பதிப்புகளைக் கட்டாயமாக்கிய பாதுகாப்புப் பிழைகளின்போதும் அதே கதைதான். பிளக்இன்களுக்கும் பிற மொழிகளிலிருந்து வரும் அழைப்புகளுக்கும் பெரும்பாலும் ஷேர்டு லைப்ரரியைத் தவிர வழியும் இல்லை.

மூன்றாவது எதிர்வாதம் லினக்ஸை நன்கு அறிந்தவர்களிடமிருந்து வரும். சிம்பல்களை இடைமறித்து மாற்றும் வசதிதான் இஎல்எஃப்பின் பலம். மேலாக்கை வேறொன்றாக மாற்றுவது, பிழை தேடும் கருவிகளை நுழைப்பது எல்லாம் அதனால்தான் முடிகிறது. கண்டிப்பான தளத்தின் விதியைப் போட்டு அதை ஏன் இழக்க வேண்டும் என்பார்கள். இழப்பு அவ்வளவு இல்லை. நீங்கள் மறைப்பது உட்பெயர்களை; வெளியே காட்டிய பொது ஃபங்ஷன்களை லினக்ஸில் இன்னும் இடைமறிக்கலாம், மேலாக்கையும் மாற்றலாம். உண்மையிலேயே முரண்படும் இடம் ஒன்று உண்டு, அது பிளக்இன். தன்னை ஏற்றும் நிரலின் ஃபங்ஷன்களை அழைக்கும் பிளக்இன், கட்டும்போது தீர்க்கப்படாத சிம்பல்களோடுதான் இருக்கும். லினக்ஸில் பைத்தான் நீட்சிகள் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்படுகின்றன. மேக்ஓஎஸ்ஸில் அதற்கென்று ஒரு லிங்கர் தேர்வு கொடுக்கிறார்கள். விண்டோஸிலோ பைத்தானின் இம்போர்ட் லைப்ரரியோடு இணைக்கிறார்கள். வேறொருவரின் நிரலுக்குப் பிளக்இன் எழுதினால் அவர் வகுத்த வழியில்தான் போக வேண்டும். பிளக்இன் முறையையே நீங்கள் வகுப்பதாக இருந்தால், நிரலின் ஃபங்ஷன் பாயின்டர்களை ஓர் அட்டவணையில் வைத்து, பிளக்இன்னின் தொடக்க ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்போது எந்தத் தளத்திலும் தீர்க்கப்படாத சிம்பல் இருக்காது.

வரைந்த எல்லை வரைந்தபடி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை மனிதர்களிடம் விடக் கூடாது. ஒவ்வொரு பில்டின் முடிவிலும் வெளியே தெரியும் சிம்பல்களின் பட்டியலை எடுங்கள்: லினக்ஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் என்எம், விண்டோஸில் டம்ப்பின். மேக்ஓஎஸ் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சேர்க்கும் அடிக்கோட்டை நீக்கிவிட்டு மூன்று பட்டியல்களையும் ஒப்பிட்டால் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை மூலநிரலோடு சேர்த்தே கிட்டில் வையுங்கள். ஒரு பெயர் கூடினாலும் குறைந்தாலும் பில்டு நிற்கட்டும். ஸ்ட்ரக்ட் ஏதாவது ஹெடரில் தெரிந்தால், அதன் அளவு ஒவ்வொரு தளத்திலும் இத்தனை பைட் என்று ஸ்டாட்டிக் அசர்ட்டில் எழுதிவையுங்கள். லினக்ஸில் ஏபிஐடிஃப் என்ற கருவி இரண்டு பதிப்புகளின் வகைகளையே ஒப்பிட்டுச் சொல்லும். இவை எல்லாவற்றையும்விட நம்பகமான சோதனை ஒன்று உண்டு, அதைச் செய்பவர்கள் குறைவு: முந்தைய வெளியீட்டின்போது கட்டிய சோதனை நிரல்களை, மீண்டும் கம்பைல் செய்யாமல், பழைய பைனரியாகவே பாதுகாத்து வையுங்கள். புதிய லைப்ரரியை அவற்றின் பக்கத்தில் வைத்து மூன்று தளங்களிலும் ஓட்டுங்கள். அதில் ஒன்று விழுந்தால் உடைந்ததைச் சரிசெய்யுங்கள். சரிசெய்ய வழியே இல்லை என்றால் எஸ்ஓ-பெயரின் எண்ணைக் கூட்டி, டிஎல்எல்லின் பெயரையும் டிலிப்பின் பெயரையும் அதே கமிட்டில் மாற்றுங்கள்.